படத்தை காப்பி செய்தால் எது போய்ச் சேர்கிறது?

பின்னணி இல்லாத ஒரு லோகோவை உலாவியில் வலது கிளிக் செய்து காப்பி கொடுத்து, நாலைந்து செயலிகளில் ஒட்டிப் பாருங்கள். சிலவற்றில் லோகோ அப்படியே வரும். சிலவற்றில் வெள்ளைக் கட்டத்துக்குள் வரும். சிலவற்றில் பின்னணி முழுக்கக் கன்னங்கரேலென்று வந்து நிற்கும், எழுத்தும் கறுப்பாக இருந்தால் லோகோவே காணாமல் போயிருக்கும். படம் கெட்டுவிட்டது என்று நினைத்துத் திரும்பத் திரும்ப டவுன்லோடு செய்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். படத்தில் ஒரு குறையும் இல்லை. கொடுத்த செயலிக்கும் வாங்கிய செயலிக்கும் இடையில் நடந்த பேச்சில் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது.

வரைபடம் போடும் சின்ன மென்பொருள் ஒன்றை எழுதிப் பராமரித்து வருகிறேன், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதைப் பயன்படுத்துகிறவர்கள் ஃபைலாகச் சேமிப்பதைவிட 'படமாக காப்பி செய்' பொத்தானைத்தான் அதிகம் கேட்கிறார்கள், அதைப் பற்றித்தான் அதிகம் எழுதுகிறார்கள். கணக்கு ஆசிரியர் வினாத்தாளில் ஒட்டுகிறார், ஆய்வு மாணவர் கட்டுரையில் ஒட்டுகிறார், இன்னொருவர் வாட்ஸ்அப் வெப்பில் ஒட்டி நண்பருக்கு அனுப்புகிறார். வரைவதற்கான நிரல் மூன்று இயங்குதளத்துக்கும் ஒன்றுதான். மெனு, எழுத்துரு, அச்செடுப்பு எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். இந்த ஒரு பொத்தானுக்குப் பின்னால் மட்டும் மூன்றுக்கும் தனித்தனியாக எழுத வேண்டியிருக்கிறது. எழுதி எழுதி எனக்கு ஒரு கருத்து உறுதியாகிவிட்டது: ஒட்டும்போது வருகிற கோளாறுகளில் பெரும்பாலானவை காப்பி செய்த நொடியிலேயே தீர்மானமாகிவிட்டவை. கொடுக்கிற செயலி ஒழுங்காகக் கொடுத்தால், ஒட்டுகிறவர் இதில் எதையுமே தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

கிளிப்போர்டு என்றால் ஒரு பெட்டி, காப்பி என்றால் படத்தை அதில் போடுவது, பேஸ்ட் என்றால் வெளியே எடுப்பது. இப்படித்தான் பொதுவாக நினைக்கிறோம். உண்மையில் காப்பி செய்யும்போது ஒரு செயலி, 'என்னிடம் ஒன்று இருக்கிறது, இன்னின்ன ஃபார்மேட்டில் தர முடியும்' என்று ஒரு பட்டியலை வெளியிடுகிறது. ஒட்டுகிற செயலி அந்தப் பட்டியலைப் பார்த்துத் தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்குகிறது. ஒரே நெல்லை நெல்லாகவும் அரிசியாகவும் மாவாகவும் வைத்திருக்கும் மண்டி மாதிரி. மாவை வாங்கிப் போனவர் அதை மறுபடி அரிசியாக்க முடியாது. இதில் எதை வாங்குவது என்று தேர்ந்தெடுப்பது செயலி, நாம் இல்லை. பெரும்பாலும் நம்மிடம் கேட்பதும் இல்லை. வேர்டில் 'பேஸ்ட் ஸ்பெஷல்' என்று ஒன்று இருக்கிறதே, அதைத் திறந்தால் இந்தப் பட்டியலை ஓரளவு கண்ணால் பார்க்கலாம்.

வெட்டி ஒட்டுவதை இன்றைக்கு நாம் அறிந்த உருவத்துக்குக் கொண்டுவந்தவர்கள் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும். 1970களின் நடுவில், ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில், ஜிப்சி என்ற எழுத்துத் தொகுப்பானில் அதைச் செய்தார்கள். அங்கே எழுத்துதான் விஷயம். டெஸ்லர் அப்புறம் ஆப்பிளுக்குப் போனார். 1983இல் லிசா, 1984இல் மேக்கின்டோஷ். மேக்பெயின்டில் வரைந்த படத்தை காப்பி செய்து மேக்ரைட்டில் அடித்த கடிதத்துக்கு நடுவில் ஒட்டலாம் என்பது அந்தக் காலத்தில் பெரிய விஷயம். அது சிக்கலில்லாமல் நடந்ததற்குக் காரணமும் இருந்தது: ஒரே கம்பெனி, ஒரே திரை, கறுப்பும் வெள்ளையும் மட்டும், படத்துக்கு பிக்ட் என்ற ஒரே ஃபார்மேட். வண்ணமும், ஒளிபுகும் பின்னணியும், ஆளுக்கொரு திரை அடர்த்தியும், ஆயிரம் நிறுவனங்கள் எழுதும் செயலிகளும் வந்த பிறகு அந்த எளிமை போய்விட்டது.

விண்டோஸில் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தக் கறுப்புப் பின்னணிக்கான விடை அங்கேதான் இருக்கிறது. விண்டோஸில் படத்துக்கென்று பழைய ஃபார்மேட்டுகள் எண் போட்டு வைக்கப்பட்டிருக்கின்றன. எண் 2 பிட்மேப், எண் 8 டிஐபி (எந்தத் திரைக்கும் பொருந்துகிற மாதிரி எழுதிய பிட்மேப்), எண் 17 அதன் விரிவான வடிவமான டிஐபிவி5. இதில் டிஐபி 1990இல் விண்டோஸ் 3.0 காலத்தது. பிஎம்பி ஃபைலின் முதல் 14 பைட்டை வெட்டிவிட்டால் மிச்சமிருப்பதுதான் அது: படத்தின் அளவு போன்ற விவரங்கள் உள்ள 40 பைட் தலைப்பு, அதற்குப் பின் பிக்சல்கள், வழக்கமாகக் கீழ் வரிசையிலிருந்து மேலே. ஒரு பிக்சலுக்கு நாலு பைட் என்று வைத்தால் நீலம், பச்சை, சிவப்பு போக நாலாவது பைட் சும்மா இருக்கிறது. அந்தத் தலைப்பின்படி அதற்கு எந்த அர்த்தமும் கிடையாது. சில செயலிகள் அதில் ஒளிபுகும் அளவை எழுதுகின்றன. சில அதைப் படிக்கின்றன. பல படிப்பதே இல்லை.

முழுக்க ஒளிபுகும் ஒரு பிக்சலுக்கு நிறம் என்னவாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரியப்போவதில்லை, அதனால் வழக்கமாக அங்கே பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்றே எழுதப்பட்டிருக்கும். நாலாவது பைட்டைப் பார்க்காமல் மற்ற மூன்றை மட்டும் படித்தால் அது சுத்தமான கறுப்பு. உங்கள் லோகோவைச் சுற்றி வந்தது அதுதான்.

இதைத் தீர்க்க விண்டோஸ் 2000இல் டிஐபிவி5 வந்தது. 124 பைட் தலைப்பு, அதில் ஒளிபுகும் அளவு எங்கே இருக்கிறது என்று முறையாகச் சொல்லவும் வண்ண விவரத்தைச் சேர்க்கவும் இடம் இருக்கிறது. ஆனால் நீங்கள் ஒன்றைக் கொடுத்தால் மற்ற இரண்டையும் விண்டோஸ் தானாகவே தயாரித்துக் கொடுக்கும் என்பதால், எது செயலி கொடுத்தது, எது விண்டோஸ் மாற்றிக் கொடுத்தது என்று கவனிக்காமல் எழுதப்பட்ட நிரல்கள் ஏராளம். அதனால் கிளிப்போர்டில் சொந்தமாக ஒரு பெயரைப் பதிவு செய்து கொடுக்கும் வசதியை வைத்து, 'பிஎன்ஜி' என்ற பெயரிலேயே ஒரு ஃபார்மேட்டைப் பெரிய செயலிகள் பல கொடுக்கவும் வாங்கவும் செய்கின்றன. 1996இல் வந்த பிஎன்ஜியில் ஒளிபுகும் தன்மையைப் பற்றிச் சந்தேகத்துக்கே இடமில்லை. விண்டோஸுக்கு எழுதுகிறவர்கள் இதைக் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்பேன். அதோடு, பழைய டிஐபியில் ஒளிபுகும் இடங்களை வெள்ளையில் கலந்து கொடுத்துவிட வேண்டும். புதிய செயலிக்கு உண்மையான படம் கிடைக்கும், பழைய செயலிக்கு வெள்ளைப் பின்னணியாவது கிடைக்கும். எந்த வரிசையில் வைக்கிறோம் என்பதும் முக்கியம், விவரம் அதிகமுள்ளதை முதலில் வைக்க வேண்டும். பட்டியலில் மேலிருந்து பார்த்து, தனக்குப் புரிகிற முதலாவதை எடுத்துக்கொள்கிற செயலிகள் நிறைய.

அடுத்து அளவு. 4000க்கு 3000 என்ற செல்போன் போட்டோவில் 1.2 கோடி பிக்சல். ஜேபெக்காக அது நாலைந்து எம்பி இருக்கலாம், ஆனால் பிக்சலுக்கு நாலு பைட் என்று விரித்தால் 4.8 கோடி பைட். காப்பி அமுக்கிய உடனே இதை நாலு ஃபார்மேட்டிலும் தயாரித்து வைத்தால், ஒட்டவே போகாத ஒரு படத்துக்காக மெமரி வீணாகிறது. அதனால் 'கேட்டால் தருகிறேன்' என்று வெறும் வாக்குறுதியை மட்டும் வைக்கும் வழியை விண்டோஸ் தருகிறது. யாராவது ஒட்டும்போதுதான் தயாரித்துத் தர வேண்டும். செயலியை மூடும்போது வாக்குக் கொடுத்ததையெல்லாம் ஒரேயடியாகத் தயாரித்து வைத்துவிட்டுப் போக வேண்டும். எக்செல்லை மூடும்போது, கிளிப்போர்டில் நிறைய இருக்கிறதே, வைத்துக்கொள்ளவா என்று ஒரு கேள்வி வருமே, அதற்குப் பின்னால் இருப்பது இதுதான். 2018 அக்டோபர் அப்டேட்டில் வந்த கிளிப்போர்டு வரலாறு, அதாவது விண்டோஸ் பொத்தானோடு வி, 25 விஷயங்கள் வரை வைத்துக்கொள்ளும், ஒவ்வொன்றும் 4 எம்பிக்குள் இருந்தால். பெரிய படம் வரலாற்றில் காணவில்லை என்று தேடுகிறவர்களுக்கு இது தெரிந்திருந்தால் நல்லது.

மேக்கில் வேலை சுலபம். அதன் கிளிப்போர்டு நெக்ஸ்ட் கம்பெனியின் இயங்குதளத்திலிருந்து வந்தது, படத்துக்கு அங்கே டிஃப் ஃபார்மேட்தான் வழக்கம், டிஃப்பிலும் ஒளிபுகும் தன்மை ஒழுங்காக இருக்கிறது. பிஎன்ஜி, டிஃப் இரண்டையும் கொடுத்தால் போதும். ஸ்கிரீன்ஷாட்டை நேராக கிளிப்போர்டுக்கு எடுக்க கமாண்ட், கன்ட்ரோல், ஷிஃப்ட், 4. டெர்மினலில் இருக்கும் பிபிகாப்பி என்ற கட்டளை எழுத்துக்கு மட்டும்தான், படத்துக்கு மேக்கின் ஆப்பிள்ஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழி வழியாகப் போக வேண்டும்.

மேக்கில் கவனிக்க வேண்டியது அடர்த்தி. ரெட்டினா என்று ஆப்பிள் அழைக்கும் அடர்த்தியான திரையில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டில் நீளத்திலும் அகலத்திலும் இரண்டு மடங்கு பிக்சல்கள் இருக்கும், கூடவே 'இது அங்குலத்துக்கு 144 பிக்சல்' என்ற குறிப்பும் இருக்கும். அந்தக் குறிப்பை மதிக்கிற செயலியில் ஒட்டினால் திரையில் பார்த்த அதே அளவில் வரும், மதிக்காததில் ஒட்டினால் இரட்டிப்பாக வரும். வரைபடம் வரைகிற மென்பொருளில் இது சின்ன விஷயமில்லை. நான் அந்தக் குறிப்பை எழுதாமல் விட்டால் ஆசிரியர் ஒவ்வொரு படத்தையும் கையால் இழுத்துச் சின்னதாக்க வேண்டும்.

லினக்ஸுக்கு வருகிறேன். அங்கே திரையையும் விண்டோக்களையும் கவனித்துக்கொள்ளும் பழைய முறையான எக்ஸ்11இல் கிளிப்போர்டு என்று ஓர் இடமே கிடையாது. காப்பி செய்தேன் என்று சொல்லும் செயலி, காப்பி செய்ததற்கு 'உரிமையாளர்' ஆகிறது. ஒட்டுகிற செயலி முதலில் 'என்னென்ன ஃபார்மேட்டில் தருவாய்' என்று உரிமையாளரிடமே கேட்கிறது, பிறகு 'பிஎன்ஜியாகக் கொடு' என்கிறது, உரிமையாளர் அப்போதுதான் அனுப்புகிறது. படம் பெரிதாக இருந்தால் துண்டு துண்டாக அனுப்ப ஒரு வழிமுறையும் உண்டு, அதைச் சரியாக எழுதாத செயலிகளில்தான் சின்ன ஸ்கிரீன்ஷாட் ஒட்டும், பெரியது ஒட்டாது. உரிமையாளரை மூடிவிட்டால் படமும் போச்சு. எக்ஸ்கிளிப் என்ற கட்டளையை ஓட்டினால் அது முடிந்த மாதிரித் தெரிந்தாலும் பின்னணியில் உயிரோடு காத்திருப்பதற்குக் காரணம் இதுதான்: யாராவது கேட்டால் கொடுக்க ஆள் வேண்டுமே. இந்தக் குறையைச் சரிக்கட்டத்தான் டெஸ்க்டாப்புகளில் கிளிப்போர்டு மேனேஜர் ஒன்று கூடவே ஓடி, எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்கிறது.

இதைக் குறைசொல்லாத லினக்ஸ்காரர் இல்லை. ஆனால் மூன்றிலும் எனக்குப் பிடித்த வடிவமைப்பு இதுதான். காப்பி, பேஸ்ட் என்பது இரண்டு செயலிகள் பேசிக்கொள்வது என்ற உண்மையை இது மறைக்கவில்லை. ஃபார்மேட்டின் பெயரும் இமேஜ்/பிஎன்ஜி என்று இணையத்தில் புழங்குகிற அதே பெயர், யாரும் யாருக்காகவும் திரைமறைவில் மாற்றிக் கொடுப்பதில்லை. எக்ஸ்11க்குப் பதிலாக வந்த புதிய முறையான வேலேண்டும் இதே எண்ணத்தைத்தான் வைத்திருக்கிறது, ஆனால் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் நேராக ஒரு குழாயைத் திறந்துவிடுகிறது, துண்டு போடும் தலைவலி இல்லை. பாதுகாப்புக்காக, கவனம் எந்த விண்டோவில் இருக்கிறதோ அதுதான் வழக்கமாக கிளிப்போர்டைப் பார்க்க முடியும். லினக்ஸில் கறுப்புப் பின்னணி பற்றி எனக்கு வரும் புகார்கள் மிகக் குறைவு, அதற்குக் காரணம் இந்த வடிவமைப்புதான் என்று நம்புகிறேன்.

படத்தை காப்பி செய்வது வேறு, படம் இருக்கும் ஃபைலை காப்பி செய்வது வேறு. ஃபோல்டரில் ஒரு ஃபைலைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் சி கொடுத்தால் போவது ஃபைல் இருக்கும் இடத்தின் முகவரி, படம் அல்ல. மெயிலில் ஒட்டினால் அட்டாச்மென்டாகச் சேரும், படம் வரையும் செயலியில் ஒட்டினால் ஒன்றுமே வராமலும் போகலாம். மேக்கில் ஃபைண்டர் முகவரியோடு ஃபைலின் ஐகானையும் சேர்த்துக் கொடுக்கிறது, அதனால் சில செயலிகளில் உங்கள் போட்டோவுக்குப் பதிலாக ஒரு ஐகான் வந்து ஒட்டிக்கொள்ளும்.

உலாவியிலிருந்து காப்பி செய்யும்போது இதைவிடத் தொல்லையான ஒன்று நடக்கிறது. உலாவி பிக்சல்களை மட்டும் கொடுப்பதில்லை, படத்தின் இணைய முகவரி உள்ள ஒரு எச்டிஎம்எல் (இணையப் பக்கங்கள் எழுதப்படும் மொழி) துண்டையும் கொடுக்கிறது. ஒட்டுகிற செயலி எச்டிஎம்எல்லை விரும்பினால் படத்துக்குப் பதில் முகவரியைத்தான் வாங்கிக்கொள்ளும். அது அலுவலகத்தின் உள் தளத்துப் படமாக இருந்தால், லாகின் செய்திருக்கும் உங்களுக்குத் தெரியும். மெயில் போய்ச் சேர்ந்தவருக்கு ஒரு காலிக் கட்டம்தான் தெரியும். அவர் 'படம் வரவில்லை' என்பார், நீங்கள் 'எனக்குத் தெரிகிறதே' என்பீர்கள். முக்கியமான மெயில் என்றால் படத்தை ஃபைலாகச் சேமித்துச் சேருங்கள். இன்னொன்று, நகரும் ஜிஃப்பை இப்படி காப்பி செய்து படமாக ஒட்டினால் பொதுவாக ஒரு சட்டகம் மட்டுமே வரும்.

இணையதளமே ஒரு பொத்தான் வைத்துப் படத்தை கிளிப்போர்டில் எழுதும் வசதி குரோமில் 2019இலும், சஃபாரியில் 2020இலும், ஃபயர்ஃபாக்ஸில் 2024இலும் வந்தது. அதில் எல்லோரும் பொதுவாக ஏற்கும் பட ஃபார்மேட் பிஎன்ஜி மட்டுமே. ஏன் ஜேபெக் கூடாது என்று நிறையப் பேர் கோபப்படுகிறார்கள். காரணம் நியாயமானது. ஏதோ ஒரு தளம் வேண்டுமென்றே சிதைத்த ஒரு படத்தை கிளிப்போர்டில் வைத்து, நீங்கள் அதை ஒரு பழைய செயலியில் ஒட்டினால், அந்தச் செயலியின் படம் படிக்கும் நிரலில் உள்ள ஓட்டை வழியாக உள்ளே வந்துவிடலாம். அதனால் உலாவி படத்தைத் தானே ஒருமுறை பிக்சலாக விரித்து, மறுபடி பிஎன்ஜியாகக் கட்டிக் கொடுக்கிறது. இதில் கூடுதல் நன்மையும் உண்டு. போட்டோவுக்குள் ஒளிந்திருக்கும் இருப்பிடக் குறிப்பு, கேமரா விவரம் எல்லாம் அந்த இடத்திலேயே உதிர்ந்துவிடுகின்றன.

2023இல் ஏக்ரோபலிப்ஸ் என்ற ஓட்டை வெளியானது நினைவிருக்கலாம். கூகுளின் பிக்சல் என்ற போனிலும் விண்டோஸின் ஸ்னிப்பிங் டூலிலும் ஸ்கிரீன்ஷாட்டை வெட்டி அதே ஃபைலில் சேமித்தால், வெட்டிய பகுதியின் மிச்சம் ஃபைலின் வாலில் தங்கிவிட்டது. வங்கி விவரத்தை வெட்டிவிட்டோம் என்று நம்பி அனுப்பியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! ஸ்னிப்பிங் டூலிலிருந்து காப்பி செய்து ஒட்டிய படங்களில் அந்த வால் வரவில்லை. பிக்சலாகப் போகும்போது பார்ப்பது மட்டும்தான் போகிறது. ஆனால் ஒட்டிய பிறகு வேர்டுக்குள் வெட்டினால் கதை மாறிவிடும், அங்கே வெட்டிய பகுதியை வேர்டு உள்ளேயே வைத்திருக்கும். அதனால் மறைக்க வேண்டியதை காப்பி செய்வதற்கு முன்பே வெட்டிவிடுவது நல்லது.

செல்போன்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஆண்ட்ராய்டில் கிளிப்போர்டில் போவது படமல்ல, 'இந்த முகவரியில் கேட்டால் தருவேன்' என்ற சீட்டும் அதற்கான தற்காலிக அனுமதியும். ஐபோனில் 2020இல், எந்தச் செயலி கிளிப்போர்டைப் படித்தாலும் மேலே ஒரு அறிவிப்பு காட்ட ஆரம்பித்தார்கள், 2022இல் அனுமதியே கேட்க ஆரம்பித்தார்கள். இரண்டும் நல்ல காரியங்கள். ஐபோனில் காப்பி செய்து மேக்கில் ஒட்டும் வசதி 2016இலிருந்து இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் அது ஒரே வீட்டுக்குள். விண்டோஸுக்கும் ஐபோனுக்கும் நடுவில், அல்லது லினக்ஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் நடுவில் படத்தை ஒட்ட வேண்டுமென்றால் இன்றைக்கும் பலர் தனக்குத்தானே வாட்ஸ்அப் அனுப்பிக்கொள்கிறார்கள், அங்கே படம் வழியிலேயே சுருக்கப்பட்டுவிடுகிறது.

எனக்கு இன்னும் தீராத ஒன்று இருக்கிறது, படத்தின் விளக்கம். என் மென்பொருளில் ஒவ்வொரு வரைபடத்துக்கும் பார்வையற்றவர்களுக்காக ஒரு வரி விளக்கம் எழுத இடம் வைத்திருக்கிறேன். படத்தை காப்பி செய்து ஒட்டினால் அந்த வரி போய்ச் சேருவதில்லை. தமிழில் இது இன்னும் வலிக்கிற விஷயம். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்கள் இருந்த காலத்தில், எழுத்தாக அனுப்பினால் அடுத்தவர் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும் என்பதால் படமாக்கி அனுப்பும் பழக்கம் வந்தது. யூனிகோடு வந்து இத்தனை காலமாகியும் அறிவிப்புகள், வாழ்த்துகள், அஞ்சலிச் செய்திகள் இன்றும் படமாகவே சுற்றுகின்றன. பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் அங்கே 'படம்' என்று சொல்லிவிட்டுப் போய்விடும்.

விளக்கத்தை எழுத்து ஃபார்மேட்டாகப் பட்டியலில் சேர்க்கலாமே என்று தோன்றும். சேர்த்தால் எழுத்தை விரும்பும் செயலி படத்தை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் ஒட்டிவிடும், பயனருக்கு காப்பி பொத்தானே உடைந்துபோன மாதிரி இருக்கும். எச்டிஎம்எல்லில் படத்தையும் விளக்கத்தையும் சேர்த்துக் கொடுத்தால், உள்ளே பொதிந்த படத்தைக் காட்டத் தெரியாத செயலிகளில் காலிக் கட்டம் வருகிறது. அதனால் இப்போதைக்கு இரண்டு வேலை செய்கிறேன். 'விளக்கத்தை காப்பி செய்' என்று பக்கத்தில் தனிப் பொத்தான். அப்புறம், பிஎன்ஜிக்குள் எழுத்துக் குறிப்பு வைக்க முறையான இடம் இருக்கிறது, அதில் யூனிகோடு தமிழ் நன்றாக உட்காரும், அங்கேயும் விளக்கத்தை எழுதிவிடுகிறேன். நான் சோதித்த வரை, அதை எடுத்துப் படத்தின் விளக்கமாக வைத்துக்கொள்கிற செயலி எதுவும் கண்ணில் படவில்லை. ஒட்டுகிற பக்கத்துக்கு நிரல் எழுதுகிறவர் யாராவது இதைப் படித்தால், பிஎன்ஜியை வாங்கியதும் உள்ளே 'டிஸ்கிரிப்ஷன்' என்ற குறிப்பு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்து, இருந்தால் அதை மாற்று உரையாகப் போட்டுவிடுங்கள். சில வரி நிரல்தான், என் பக்கத்தில் அது ஏற்கெனவே தயாராக இருக்கிறது.